கரண்ட் போனால் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா?

ஃபேனுக்குக் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், நமக்கு வியர்க்கும். அவ்வளவுதான். லிஃப்டில் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்? நடுவில் மாட்டிக்கொள்வோம், எரிச்சலாக இருக்கும், ஆனால் கீழே விழ மாட்டோம். இது அதிர்ஷ்டம் இல்லை. லிஃப்ட் பிரேக்கைத் திறந்து வைக்கத்தான் கரண்ட் வேண்டும், மூடுவதற்கு வேண்டாம். கரண்ட் போன நொடியிலேயே ஸ்ப்ரிங் அதை அழுத்திப் பிடித்துவிடும். 'எல்லாம் செத்துப்போனால் என்ன ஆகும்?'ன்னு யாரோ முதலிலேயே உட்கார்ந்து யோசித்ததால் வந்த அமைப்பு அது.

ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்தோ நின்றோ போகிற சின்ன மின் வண்டிகளைப் பற்றிக் கொஞ்ச மாதமாகப் படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பவர் வீல்சேர், செக்வே, ஹோவர்போர்டு, கிட் மாட்டிய சைக்கிள், இந்த வகை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே சமாச்சாரம்தான்: ஒரு பேட்டரி, ஒன்றோ இரண்டோ மோட்டார், நடுவில் ஒரு கன்ட்ரோலர். ஆனால் 'கரண்ட் போனால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு பதில் சொல்கிறது. உள்ளே இருக்கும் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்தப் பதில்தான். ஒன்றுக்காகச் செய்த பாகத்தை எடுத்து இன்னொன்றில் மாட்டும்போது வருகிற ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது.

கையால் தள்ள முடியாதவர்களுக்காக

பவர் வீல்சேரின் கதையைக் கனடாவிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பிலும் கழுத்திலும் அடிபட்டுத் திரும்பிய வீரர்கள் பலர் இருந்தார்கள். முந்தைய போர்களில் இப்படிக் காயம்பட்டவர்கள் அதிக நாள் பிழைப்பது அரிது. மருத்துவம் முன்னேறியதால் இந்தத் தடவை பிழைத்தார்கள். ஆனால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்களால் சாதாரண வீல்சேரைக் கையால் உருட்ட முடியாது. கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த ஜார்ஜ் க்ளைன் என்ற பொறியாளரிடம் இந்த வேலை வந்தது. அவருடைய குழு செய்த நாற்காலியில் ஒவ்வொரு பெரிய சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், கட்டுப்படுத்த ஒரு ஜாய்ஸ்டிக். 1955-ல் ஒரு மாதிரி அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956-லிருந்து எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் பவர் வீல்சேர்களை வணிகமாகத் தயாரிக்க ஆரம்பித்தது.

எழுபது வருடம் ஆகப்போகிறது, அடிப்படை அமைப்பு இன்னும் அதேதான். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் நேராகப் போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் சுற்றினால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். ஸ்டியரிங் என்று தனியாக எதுவும் இல்லை.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஒரு பக்க மோட்டார் மட்டும் நின்றுபோனால் வண்டி மெதுவாகாது, சடாரென்று அந்தப் பக்கம் திரும்பிவிடும். ரோட்டோரமாகப் போகிறவருக்கு அதன் அர்த்தம் புரியும். அதனால் ஒரு பக்கம் கோளாறு என்றால் நன்றாக இருக்கும் மறுபக்கத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டும். முதல் விதி இது.

மோட்டார் சூடாவது ஓடும்போது இல்லை

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் 90 கிலோ, பேட்டரியோடு சேர்த்து நாற்காலி 70 கிலோ, மொத்தம் 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

சமதளத்தில் இதை உருட்ட அதன் எடையில் சுமார் 2 சதவீத விசை போதும், அதாவது ஏறக்குறைய 3 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரத்தில் தேவைப்படுவது சுமார் 50 வாட். மோட்டாரிலும் கியரிலும் போகிற நஷ்டத்தையும் சேர்த்தால் 90 வாட்டுக்குப் பக்கம் வரும். 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 4 ஆம்பியருக்கும் குறைவு. ஒரு சீலிங் ஃபேனைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

இப்போது சாய்தளம். பொதுவாகச் சொல்லப்படும் சாய்வு 1:12. ஒரு அடி உயர 12 அடி நீளம். இதில் ஏறும்போது எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 13 கிலோ, பின்னால் இழுக்கும். பாதி வேகத்தில் ஏறினாலும் 9 ஆம்பியருக்கு மேல் தேவை. அப்போதும் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது அடுத்தது. முன்பக்கச் சின்னச் சக்கரம் ஒரு நிலைப்படியில் முட்டி நிற்கிறது. ஓட்டுபவர் ஜாய்ஸ்டிக்கை முழுசாக முன்னால் தள்ளுகிறார். மோட்டார் சுற்றவில்லை. சுற்றாத மோட்டார் வெறும் கம்பிச் சுருள்தான். அதன் மின்தடை 0.2 ஓம் என்றால் 24 வோல்ட்டில் 120 ஆம்பியர் பாயும். அதை 60 ஆம்பியரில் கட்டுப்படுத்தினால்கூட அந்தச் சுருளில் 720 வாட் வெப்பமாகவே மாறும். ஒரு இஸ்திரிப் பெட்டியை மோட்டாருக்குள் வைத்த மாதிரி.

அதனால் கன்ட்ரோலர் சில நொடிகளுக்கு மட்டும் அதிக கரண்ட் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைக்கும். ஏன் முழுசா நிறுத்தக் கூடாது? ரோட்டைக் கடக்கும்போது பள்ளத்தில் சக்கரம் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைக் காப்பாற்றுகிறேன் என்று கன்ட்ரோலர் அணைந்துவிட்டால், மோட்டார் பிழைக்கும், ஆள் நடுரோட்டில் இருப்பார். குறைந்த சக்தியிலாவது பின்வாங்கி வர வழி விட்டுவைக்க வேண்டும். மோட்டாரா ஆளா என்ற இந்த இழுபறி இன்னும் சில இடங்களில் வரும்.

ஜாய்ஸ்டிக் சொல்வதை நம்பலாமா?

ஆரம்பகால நாற்காலிகளில் சுவிட்சும் ரிலேயும்தான். ஓடு, அல்லது நில். நடுவில் எதுவும் கிடையாது, அதனால் ஒவ்வொரு கிளம்பலும் ஒரு உதறல். பிறகு டிரான்சிஸ்டர்கள் வந்தபின் ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம் என்றானது. இப்போதைய கன்ட்ரோலர்களில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி மோட்டாருக்குப் போகும் சராசரி வோல்டேஜை மாற்றுகின்றன.

ஜாய்ஸ்டிக் அனுப்புவது ஒரு வோல்டேஜ். 0 வோல்ட் என்றால் முழு வேகத்தில் பின்னால், 5 வோல்ட் என்றால் முழு வேகத்தில் முன்னால், 2.5 என்றால் நில் என்று வைக்கலாம். படிக்க அழகான ஏற்பாடு. ஆனால் உள்ளே ஒரு வயர் அறுந்தால் வோல்டேஜ் 0-க்கோ 5-க்கோ ஓடிவிடும். அதாவது வயர் அறுந்தால் வண்டி முழு வேகத்தில் கிளம்பும்!

அதனால் நல்ல கன்ட்ரோலரில் ஜாய்ஸ்டிக்கின் முழு வீச்சும் நடுவில் ஒரு பகுதிக்குள், உதாரணமாக 1.3-லிருந்து 3.7 வோல்ட்டுக்குள், அடங்கிவிடும். அதற்கு வெளியே எது வந்தாலும் அது கட்டளை இல்லை, கோளாறு. இது மட்டும் போதாது என்று ஒரே அசைவுக்கு இரண்டு தனித்தனி சிக்னல் எடுப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நகராது. ஆன் செய்யும்போது ஜாய்ஸ்டிக் நடுவில் இல்லையென்றாலும் நகராது. மடியில் வைத்த பை ஜாய்ஸ்டிக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போது யாராவது சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததால் வந்த விதி அது.

இதெல்லாம் அதிகப்படியான பயம் என்று தோன்றினால் 1990-களில் நடந்ததைப் பாருங்க. அமெரிக்காவில் சில பவர் வீல்சேர்கள் தானாக நகர்ந்ததாகவும், பிரேக் தானாக விடுபட்டதாகவும் புகார்கள் வந்தன. விசாரித்ததில் காரணம் ரேடியோ அலை. பக்கத்தில் வாக்கி-டாக்கியோ செல்போனோ இயங்கும்போது, நாற்காலியின் வயர்கள் ஆன்டெனா மாதிரி வேலை செய்து, யாரும் தொடாத ஜாய்ஸ்டிக்கிலிருந்து 'கட்டளை' போயிருக்கிறது. 1994-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, தயாரிப்பாளர்களுக்கு எழுதியது: மீட்டருக்கு 20 வோல்ட் வலிமையுள்ள ரேடியோ அலையையாவது நாற்காலி தாங்க வேண்டும், பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கையும் தர வேண்டும். இன்று ஐஎஸ்ஓ 7176 என்ற வீல்சேர் தரநிலைத் தொடரில் மின்காந்தக் குறுக்கீட்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, 21-வது. மின், கட்டுப்பாட்டு அமைப்புக்கு 14-வது.

நிறுத்துவதிலும் பக்குவம் உண்டு

வீல்சேரின் பதில் தெளிவு: சந்தேகம் வந்தால் நில். அதற்கான கருவி அதே லிஃப்ட் பிரேக்கின் தம்பி. மோட்டார் அச்சின் பின்னால் ஒரு மின்காந்த பிரேக் இருக்கும். கரண்ட் கொடுத்தால் காந்தம் இழுத்துப் பிரேக்கை விடுவிக்கும். கரண்ட் இல்லையென்றால் ஸ்ப்ரிங் பிடித்துக்கொள்ளும். நாற்காலி கிளம்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது பிரேக் விடுபடுகிற சத்தம்.

ஆனால் எடுத்த எடுப்பில் பிரேக்கைப் பிடித்தாலும் ஆபத்துதான். இடுப்புக்கு மேலே தசைக் கட்டுப்பாடு இல்லாதவர் சாய்தளத்தில் இறங்கும்போது சட்டென்று சக்கரம் பூட்டிக்கொண்டால் அவர் முன்னால் சரிந்து விழுவார். அதனால் வழக்கமான நிறுத்தம் இரண்டு கட்டம். முதலில் மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, வேகத்தை மெதுவாகக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். வேகம் பூஜ்யத்துக்கு வந்தபின்தான் 'டக்'. ஸ்ப்ரிங் நேரடியாகப் பிடிப்பது வேறு வழியே இல்லாத கோளாறுக்கு மட்டும்.

மாஸ்ஃபெட் கெட்டுப்போவதிலும் ஒரு விஷமம் இருக்கிறது. அது பெரும்பாலும் 'திறந்த' நிலையில் சாகாது, 'மூடிய' நிலையில், ஷார்ட் ஆகித்தான் சாகும். அதாவது அணைக்க முடியாத சுவிட்ச் ஆகிவிடும். ஆகவே கன்ட்ரோலர் தான் சொன்னதும் மோட்டாரில் நடப்பதும் ஒன்றா என்று விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் மாஸ்ஃபெட்டை நம்பாமல், வரிசையில் முன்னால் இருக்கும் ரிலேயை அறுத்து மொத்த இணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

நின்றால் விழுகிற வண்டி

இதே தத்துவத்தைச் செக்வேயில் வைத்தால்? கரண்ட் போனதும் பிரேக் பிடித்தால், மேலே நிற்பவர் குப்புற விழுவார்.

டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய செக்வேயில் இரண்டு சக்கரமும் பக்கத்துப் பக்கத்தில். சின்ன வயதில் துடைப்பத்தை உள்ளங்கையில் நிற்கவைத்து விளையாடியிருப்போம் இல்லையா, அதே கதைதான். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை ஓட வேண்டும். கை நின்றால் துடைப்பம் விழும். செக்வே நொடிக்குச் சுமார் 100 முறை இந்தத் திருத்தத்தைச் செய்கிறது. இங்கே 'நில்' என்பது பாதுகாப்பான நிலை இல்லை. எப்பாடு பட்டாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே எல்லாமே இரட்டை. இரண்டு பேட்டரி, இரண்டு கட்டுப்பாட்டுப் பலகை, ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் இரட்டைச் சுருள். சாய்வை அறிய 3 கைரோ போதும், வைத்திருந்தது 5. ஒரு பாதி செத்தாலும் மறுபாதி வண்டியை நிமிர்த்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஆள் இறங்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். முன்னால் சாய்ந்து போகிறவரை நிறுத்த வேண்டுமானால், சக்கரங்கள் முதலில் அவரைவிட வேகமாக ஓடி அவருக்கு முன்னால் போக வேண்டும். மெதுவாவதற்கு முன் ஒரு கணம் வேகமெடுக்க வேண்டும்! அதனால் மோட்டாரிலும் பேட்டரியிலும் எப்போதும் ஒரு சேமிப்பு மிச்சம் இருந்தாக வேண்டும். பேட்டரி தீர்ந்துவரும்போது கரையும் முதல் விஷயம் அந்தச் சேமிப்புதான். 2003-ல் விற்ற சுமார் 6,000 செக்வேக்களும் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பேட்டரி குறைவாக இருக்கும்போது திடீரென வேகமெடுத்தாலோ, ஏதாவது தடையில் ஏறினாலோ, வண்டியால் ஆளைத் தாங்க முடியாமல் போனதுதான் காரணம். 2006-ல் மறுபடியும், இந்தத் தடவை சுமார் 23,500. ஆள் ஒரு கணம் இறங்கி, வண்டி முழுசாக நிற்பதற்குள் மறுபடி கால் வைத்தால் சக்கரம் எதிர்பாராமல் பின்பக்கமாகச் சுற்றக்கூடும் என்பது பிரச்சினை. இரட்டை இரட்டையாக வைத்து, அவ்வளவு யோசித்துச் செய்த வண்டிக்கே இந்த நிலை.

பேட்டரியைக் காப்பாற்றுவதா, ஆளைக் காப்பாற்றுவதா?

லெட்-ஆசிட் பேட்டரி ஒரு அப்பாவி. தீரத் தீர வோல்டேஜ் இறங்கும், வண்டி மெதுவாகும், நமக்கே தெரிந்துவிடும். லித்தியம் பேட்டரி அப்படி இல்லை. அதற்குள் பிஎம்எஸ் என்ற காவலாளி இருக்கிறான். கரண்ட் அதிகமானால், வோல்டேஜ் ஏறினால், இறங்கினால், சூடு கூடினால், சட்டென்று இணைப்பைத் துண்டிப்பான். காவலாளி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. தரம் குறைந்த பேட்டரிகள் தீப்பிடித்ததால் 2016 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் வந்ததுதான் யூஎல் 2272 என்ற தரநிலை.

ஆனால் காவலாளிக்குத் தெரிந்தது பேட்டரி மட்டும்தான். மேலே ஆள் இருப்பது தெரியாது. ஒருவர் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் வாசல் சாய்தளத்தில் இறங்குகிறார். மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு ஆற்றலைத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரியோ ஏற்கனவே நிறைந்திருக்கிறது. வோல்டேஜ் எகிறுகிறது. பிஎம்எஸ் கதவைச் சாத்துகிறது. போக இடமில்லாத ஆற்றல் கன்ட்ரோலரில் முட்டுகிறது, அது கோளாறு என்று அணைகிறது, ஸ்ப்ரிங் பிரேக் பிடிக்கிறது, ஆள் முன்னால் தூக்கி வீசப்படுகிறார். ஒவ்வொரு பாகமும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது!

சரியான வடிவமைப்பில் பிஎம்எஸ் முதலில் கன்ட்ரோலரிடம் பேசும். 'நிறைந்துவிட்டது, மெதுவாக இறங்கு' என்று சொல்லும். துண்டிப்பது கடைசி வழி. சமநிலை வண்டிகளில் இன்னும் ஒரு படி மேலே: ஆள் மேலே இருக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் கேடு வந்தாலும் பரவாயில்லை, கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். பேட்டரியைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

சைக்கிள் கிட்டை வீல்சேரில் மாட்டலாமா?

ஒரு நண்பர், பக்கவாதம் வந்த அப்பாவின் வீல்சேருக்கு சைக்கிள் ஹப் மோட்டார் கிட் மாட்டலாமா என்று படம் வரைந்து அனுப்பியிருந்தார். பேட்டரி அளவு, மோட்டார் சக்தி எல்லாம் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார். நான் திருப்பிக் கேட்டது மூன்றே கேள்விகள்.

ஒன்று, சாய்தளத்தின் நடுவில் கரண்ட் போனால் எது பிடிக்கும்? சைக்கிள் கிட்டில் மின்காந்த பிரேக் கிடையாது. கை லீவர்தான். அப்பாவுக்கு வலது கையில் பிடி இல்லை.

இரண்டு, ஆக்சிலரேட்டரின் தரை வயர் அறுந்தால் என்ன ஆகும்? சைக்கிள் ஆக்சிலரேட்டர் பொதுவாக ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஓய்வில் இருக்கும், திருகினால் 4 வோல்ட் வரை போகும். தரை வயர் விட்டுப்போனால் சிக்னல் மேலே ஏறிவிடும். நல்ல கன்ட்ரோலர் இதைக் கோளாறு என்று பிடித்துவிடும். மலிவானவற்றில் சில 'முழு வேகம்' என்று எடுத்துக்கொள்ளும்.

மூன்று, அப்படி ஓட ஆரம்பித்தால் அப்பா என்ன செய்வார்?

இந்த மூன்றாவதில்தான் எல்லாம் இருக்கிறது. கிட் செய்தவர்கள் மோசம் செய்யவில்லை. சைக்கிள்காரர் இரண்டு கையாலும் பிரேக் பிடிப்பார், காலை ஊன்றுவார், முடியாவிட்டால் வண்டியைப் போட்டுவிட்டுக் குதிப்பார். ஓட்டுபவரே கடைசிப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையில் செய்த சாமான் அது. வீல்சேரில் இருப்பவரிடம் அந்த உதவியைக் கேட்க முடியாது. அவரால் செய்ய முடியாததை வண்டி செய்ய வேண்டும், அதற்காகத்தான் அந்த ஸ்ப்ரிங், இரட்டை சிக்னல், ரிலே எல்லாம். நண்பர் கிட்டை விட்டுவிட்டு, நல்ல நிலையில் இருக்கும் பழைய பவர் வீல்சேர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நீங்களும் வீட்டில் யாருக்காவது பவர் வீல்சேர் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே சிலதைச் சோதித்துப் பார்க்கலாம். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு, நீங்களே உட்கார்ந்து சாய்தளத்தில் ஏறி நடுவில் நின்று ஜாய்ஸ்டிக்கை விடுங்கள். உருளக் கூடாது. அங்கேயே சுவிட்சை அணையுங்கள். அப்போதும் உருளக் கூடாது. சமதளத்துக்கு வந்து ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். நகரக் கூடாது. மோட்டார் பக்கத்தில், பிரேக்கைக் கையால் விடுவித்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு லீவர் இருக்கும். அது எந்தப் பக்கம் இருந்தால் 'விடுபட்ட' நிலை என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். அந்த லீவர் விடுபட்டிருந்தால் மேலே சொன்ன எந்தப் பிரேக்கும் கிடையாது. சாய்தளத்தில் அதைத் தொடவே கூடாது.

விளம்பரத் தாளில் வேகம், எத்தனை கிலோமீட்டர் ஓடும், எவ்வளவு எடை தாங்கும் என்றெல்லாம் பெரிதாக இருக்கும். கரண்ட் போனால் என்ன செய்யும் என்று போட்டிருக்க மாட்டார்கள். அதை நாம்தான் கேட்க வேண்டும். கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறினால் சாய்தளத்தில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.